காட்டை அறிந்தவன் கையில் சீமை

பாஞ்சாலங்குறிச்சி விழுந்த பிறகு கட்டபொம்மன் வடக்கே திரும்பி, புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையின் காட்டுக்குள் நுழைந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அவர் பிடிபட்ட கதையை இந்த வாரம் சொல்வதாக வாக்கும் கொடுத்திருந்தேன். எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: அவர் நுழைந்தது எப்படிப்பட்ட காடு என்று தெரியாமல் அவரைப் பிடித்துக் கொடுத்த கதை விளங்காது. ஆகவே முதலில் காடு.

புதுக்கோட்டைக்கு வடக்கே காவிரி, தெற்கே வைகை. நடுவில் கிடக்கும் இந்தச் செம்மண்ணுக்கும் பாறைக்கும் வற்றாத ஆறு என்று ஒன்று வாய்க்கவில்லை. வெள்ளாறு, அக்னியாறு, அம்புலியாறு, பாம்பாறு எல்லாம் மழை பெய்தால் ஆறு, மற்ற நாளில் மணல். அந்த மணல் ஆறுகளில் ஒன்றான வெள்ளாற்றைத்தான் சோழநாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லையாகச் சொன்னார்கள். இரு பேரரசுகளுக்கும் இது வழியில் குறுக்கிடும் மண். மதுரைக்குப் போகும் பாதை கொடும்பாளூர்க் குளத்தங்கரையில் மூன்றாகப் பிரிவதைச் சிலப்பதிகாரமே சொல்கிறது. அந்தக் கொடும்பாளூரில் இருந்த இருக்குவேளிர், சோழருக்குப் பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் படை நடத்தியும் இந்த எல்லையைக் காத்தார்கள்.

ஆறு இல்லாத மண்ணில் அதிகாரமும் வேறு மாதிரித்தான் வளரும். கல்லணையைக் கையில் வைத்திருப்பவன் கீழே உள்ள ஊர்களுக்கெல்லாம் எசமான். இங்கே அப்படி ஒருவன் எழ முடியாது. மாவட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வரத்து வாய்க்கால், தனி மடை, தனி கலிங்கு. கண்மாய்க்குள் இரண்டு கல்தூண் நட்டு, நீரோடி, சேறோடி என்று இரண்டு வகைத் துளை வைத்து, நீரையும் வண்டலையும் பிரித்து வெளியேற்றிய குமிழித் தூம்புகளை இன்றும் பார்க்கலாம். அந்தத் தூம்பைத் திறக்க முங்குகிறவன் உள்ளூர்க்காரன். தஞ்சையிலிருந்தோ மதுரையிலிருந்தோ உத்தரவு வந்து திறக்க வேண்டியதில்லை. அதனால் இந்தச் சீமை ‘நாடு’ ‘நாடாக’ வாழ்ந்தது. பேரரசுகள் தளர்ந்த காலத்தில் ஊரார் கூடி, பாடிகாவல் உரிமையை அரையர்களுக்கு விற்றுக் கொடுத்ததைக் கல்வெட்டுகள் வரிசையாகச் சொல்கின்றன. காவலுக்கு வந்த அந்த அரையர் மரபுகளைத் தொடர்ந்து பிறகு தொண்டைமான்கள் எழுந்தார்கள்.

இந்தக் கண்மாய்களுக்கு இடையில் நின்றது காடு. தேக்கும் சந்தனமும் நிற்கும் மலைக்காடு என்று எண்ண வேண்டாம். காரை, சூரை, உசிலை, காசா, உலக்கைப்பாலை என்று ஆள் உயரத்துக்கு மேல் பின்னிக் கிடந்த முட்காடு. குதிரை உள்ளே போனால் காலைக் கிழிக்கும். பீரங்கி வண்டி திரும்ப இடம் இராது. திருமயம் கோட்டையைப் பார்த்து வியக்கிறோம். ஆனால் இந்தச் சீமையைக் காத்த உண்மையான கோட்டை இந்த முள்தான் என்பேன்.

1754-இல் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது. ஆற்காட்டு நவாப் பதவிக்காக நடந்த போர் வாசகர்களுக்குத் தெரிந்ததே. ஆங்கிலேயர் துணையோடு முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள், வெளியே எதிரிகள். அவருக்குப் போட்டியாக நின்ற சந்தா சாகிபு இருந்த காலத்திலேயே தொண்டைமான் 400 குதிரைகளையும் 3,000 கள்ளர் வீரர்களையும் முகமது அலிக்கு உதவியாக அனுப்பியிருந்தார். சந்தா சாகிபு 1752-இல் கொல்லப்பட்ட பிறகு மைசூர் நஞ்சராஜன் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து திருச்சியை வளைத்தான். தஞ்சை மன்னர் பிரதாப சிங் ஒரு காலை இங்கும் ஒரு காலை அங்கும் வைத்திருந்தார். கோட்டைக்கு அரிசி வர ஒரே வழிதான் மிச்சம்: தொண்டைமான் காடு.

அரிசி மூட்டையும் ஆடு மாடும் காட்டின் விளிம்பு வரை வந்து சேரும். அங்கிருந்து இருட்டோடு இருட்டாக ஆங்கிலேயப் படை காவலோடு கோட்டைக்குக் கொண்டுபோகும். ஆபத்து முழுவதும் அந்த விளிம்புக்கும் கோட்டைக்கும் நடுவில் உள்ள வெட்டவெளியில்தான். 1754 பிப்ரவரியில் அந்த வெளியில் சிக்கிய ஓர் அணி அழிந்தேபோனது. மே 12-ஆம் தேதி ஆங்கிலேயத் தளபதி கலியோவின் படை தப்பிப் பிழைத்துச் சேர்ந்தது. காட்டுக்குள் இருந்தவரை சரக்கை யாரும் தொட முடியவில்லை.

பிரெஞ்சுத் தளபதி மேசான் முடிவெடுத்தான்: வேரை அறுத்தால் மரம் சாயும், தொண்டைமான் சீமையையே எரித்துவிடலாம். மைசூர்க் குதிரைப்படையோடு வைகாசி வெயிலில் உள்ளே நுழைந்தான். என்ன கண்டான்? காலி ஊர்கள். குடிகள் ஆடு மாடு, தானியம், குழந்தை குட்டிகளோடு நடுக்காட்டுக்குள் போய்விட்டார்கள். பின்தொடர வழியில்லை. வந்தவன் கூரை வீடுகளை எரித்தான். கிள்ளனூரில் மட்டும் நானூறு பேர் போல எதிர்த்து நின்றார்கள். அவர்களை விரட்டி மூன்று நான்கு பீரங்கிகளையும் சேமித்திருந்த தானியத்தையும் எடுத்துக்கொண்டான். அவ்வளவுதான். வந்த வேலை நடக்காத ஆத்திரத்தில் தஞ்சைக்குரிய கிள்ளுக்கோட்டையைத் தாக்கினான். அதுவரை ஊசலாடிய தஞ்சை மன்னரை எதிர்ப்பக்கம் தள்ளியதுதான் அவன் கண்ட பலன்.

கூரை வீட்டை எரித்தால் என்ன போயிற்று? பனை ஓலைக்கும் மூங்கிலுக்கும் எங்கே பஞ்சம்? ஒரு மாதத்தில் ஊர் மறுபடி எழுந்துவிடும். மாடும் விதைநெல்லும் பிழைத்தால் சீமை பிழைத்தது என்று அந்தக் குடிகள் அறிந்திருந்தார்கள். இந்தக் கதையில் தொண்டைமானும் கலியோவும் எனக்கு வீரர்களாகத் தெரியவில்லை. இடுப்பில் குழந்தையும் தலையில் விதைநெல்லுமாக நடுக்காட்டுக்கு நடந்த அந்தப் பெயர் தெரியாத பெண்கள்தான் வீரர்கள். வைகாசியில் கண்மாய் வறண்டிருக்கும். எந்தப் பாறையின் மறைவில் சுனை இருக்கிறது, எந்தக் குட்டையில் மாட்டுக்கு இன்னும் பத்து நாள் தண்ணீர் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மேசானுக்குத் தெரியவில்லை. தோல்வியும் வெற்றியும் அந்த இடத்தில் முடிவாயின.

இப்போது 1799-க்கு வருகிறேன், இடம் குறைந்துவிட்டாலும். அதே காடு, அதே சீமை. உள்ளே வந்தவர் பகைவர் அல்ல, வெள்ளையனை எதிர்த்துத் தோற்ற நம் ஆள். அவரைப் பிடித்துத் தரச் சொல்லி கலெக்டர் லஷிங்டனின் கடிதம் தொண்டைமானுக்குப் போயிருந்தது. திருக்களம்பூர்ப் பக்கத்துக் காட்டில் கட்டபொம்மன் பிடிபட்டார். அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். எப்படி அகப்பட்டார் என்பதில் எனக்கு ஓர் ஊகம் உண்டு. இந்த மண்ணில் ஒளிந்திருப்பவன் எவ்வளவு சாமர்த்தியசாலியானாலும் தண்ணீருக்கு வந்துதான் ஆகவேண்டும். நீர் நிற்கும் இடம் எண்ணிச் சொல்லக்கூடியது. அங்கே புது முகம் தெரிந்தால் மாலைக்குள் ஊர்த்தலைவரான அம்பலகாரர் காதுக்குப் போய்விடும். மேசானை விரட்டிய அதே அறிவு கட்டபொம்மனைக் காட்டிக் கொடுத்தது.

தொண்டைமானுக்கு வேறு வழி இல்லை, அரை நூற்றாண்டு நட்பு என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நட்புத்தான்; 1752-இல் திருச்சியை மீட்கப் போரிட்ட ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ்தான் 1799-இல் சென்னைக் கவர்னர். அந்த ஆட்சி 1803-இல் கீழாநிலைக் கோட்டையையும் சீமையையும் தொண்டைமானுக்குக் கொடுத்தது. ஆண்டுக்கு ஒரு யானை கப்பம் என்று எழுதி, அதை வற்புறுத்தவும் இல்லை. ஆனாலும் அடைக்கலம் தேடி வந்தவரைக் கொடுத்ததை என் மனம் ஏற்க மறுக்கிறது. குடிகளை மறைத்த காடு விருந்தாளியையும் மறைத்திருக்க வேண்டும்.

அந்தக் காடு இன்று பெரும்பாலும் இல்லை. அது நின்ற இடத்தில் வரிசை வரிசையாகத் தைல மரம். கண்மாய்க்கு வரும் நீரைத் தடுக்கிறது என்று விவசாயிகள் குமுறுகிறார்கள். பழைய காட்டின் மிச்சம் அய்யனார் கோயில் காடுகளில்தான் இருக்கிறது. மண்குதிரைகள் நிற்கும் நிழலில் இன்னும் காசாவும் உலக்கைப்பாலையும் வளர்கின்றன; சாமிக்குப் பயந்து யாரும் கிளை ஒடிப்பதில்லை. புதுக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் ஒரு கோயில் காட்டுக்குள் பத்து அடி நடந்து பாருங்கள். முள் சட்டையைப் பிடித்து இழுக்கும். மேசான் ஏன் திரும்பினான் என்று அப்போது தெரியும்.

கட்டபொம்மன் பிடிபட்ட அந்த நாளை அடுத்த வாரம் முழுமையாகச் சொல்கிறேன்.