அறுவை சிகிச்சைக்கு முன் சர்க்கரைக் கட்டுப்பாடு: ஒரு வரலாறு

முதுகுத்தண்டு அறுவைக்கு நாள் குறித்த பிறகு, சர்க்கரை இறங்கட்டும் என்று மருத்துவர் தேதியைத் தள்ளிவைத்தால் யாருக்கும் எரிச்சல் வரும். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்சாலைகளில் நின்றே வேலை பார்ப்பவருக்கு அது வலி மட்டுமல்ல, விடுப்பும் சம்பளமும் கூட. ஆனால் அந்தத் தாமதத்துக்குப் பின்னால் நூறாண்டு அனுபவம் இருக்கிறது.

1922 சனவரியில் கனடாவின் டொரன்டோ நகரில் லியோனார்டு தாம்ப்சன் என்ற சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன் நீரிழிவு உள்ளவரை அறுவை செய்யவே மருத்துவர்கள் அஞ்சினர். சென்னையில் பேராசிரியர் மு. விசுவநாதன் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். 1954-இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனையும் நிறுவினார்.

அக்காலத்தில் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு நாள் பத்தியம் இருந்தாலே பரிசோதனையில் சர்க்கரை நல்லபடியாகத் தெரியும். தேர்வுக்கு முதல் நாள் மட்டும் படிக்கும் மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்! 1960-களின் இறுதியில் ஈரானிய மருத்துவர் சாமுவேல் ரபார், நீரிழிவு நோயாளிகளிடம் சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதைக் கண்டார். இன்று எச்பிஏ1சி எனப்படும் அந்த அளவு, கடந்த இரண்டு மூன்று மாத நிலையைக் காட்டுகிறது. வருகைப் பதிவேடு போல, ஏமாற்ற முடியாது.

சர்க்கரை மிகுந்தால் வெள்ளணுக்களின் கிருமி எதிர்ப்பு குறையும், புண் ஆறத் தாமதமாகும். முதுகெலும்பில் திருகாணியும் உலோகக் கம்பியும் வைப்பதால் அங்கே ஒட்டும் கிருமியை மருந்தால் மட்டும் அகற்றுவது கடினம். மறுபடி திறக்க நேரிடலாம். எலும்புகள் ஒன்றுசேர்வதும் தாமதப்படும். எனவே பலர் எச்பிஏ1சி 7 அல்லது 8 சதவீதத்துக்குள் வரட்டும் என்கின்றனர். ஒரே எல்லையை எல்லோரும் ஏற்கவில்லை.

அதற்காக அளவுக்கு மீறி இறக்குவதும் ஆபத்து. 2001-இல் பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வு, தீவிர சிகிச்சையில் சர்க்கரையை 110-க்குள் வைத்தால் உயிரிழப்பு குறையும் என்றது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட 2009-ஆம் ஆண்டின் நைஸ்-சுகர் ஆய்விலோ, அப்படிக் கடுமையாகக் கட்டுப்படுத்தியவர்களிடையே இறப்பு கூடியது. அதன்பின் 180-ஐ ஒட்டிய இலக்கே பரவலானது.

நரம்பு நசுங்கி, கால்கள் திடீரெனச் செயலிழந்தாலோ சிறுநீர் கழிப்பதில் கட்டுப்பாடு போனாலோ இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அப்போது இன்சுலினைச் சொட்டுச்சொட்டாக ஏற்றிக்கொண்டே உடனடியாக அறுவை செய்கின்றனர்.