நிக்ஸிலிருந்து கீக்ஸுக்கு: மேற்கோள் குறிக்குள்ள மாட்டின கதை

ஒரு மொழியில இருக்கிற கான்ஃபிகரேஷனை இன்னொரு மொழிக்கு மாத்தணும்னு டீம்ல பேச்சு வந்தா, உடனே ஒருத்தர் சொல்வார்: "கன்வர்ட் பண்ண ஒரு ஸ்கிரிப்ட் எழுதினா முடிஞ்சது." அந்த ஸ்கிரிப்ட் எதுவரைக்கும் போகும்? இன்னைக்கு அந்தக் கதைதான்.

2003. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம். ஏல்கோ டோல்ஸ்ட்ரா அங்கே நிக்ஸ் என்ற பேக்கேஜ் மேனேஜரைத் தொடங்குகிறார். 2006-ல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடும் இதைப் பற்றித்தான். அடிப்படை எண்ணம் சிம்பிள்: மென்பொருளை பில்டு பண்றது ஒரு கணிதச் சார்பு மாதிரி இருக்கணும். அதே இன்புட் கொடுத்தா அதே அவுட்புட். இதுக்குன்னே ஒரு சின்ன ஃபங்ஷனல் மொழியும் பிறந்தது. கொஞ்சம் சோம்பேறி மொழி; ஒரு மதிப்பை யாராவது கேட்டாத்தான் கணக்குப் போடும்.

2012-ல் க்னூ திட்டத்தின் சார்பா லுடோவிக் கூர்தெஸ் கீக்ஸை அறிவிச்சார். நிக்ஸோட அதே எண்ணம்தான். ஆனா தனி மொழி கிடையாது. ஏற்கெனவே இருந்த கைல் ஸ்கீம் என்ற பொதுப்பயன்பாட்டு மொழி.

இது எப்படி சாத்தியமாச்சு? நிக்ஸ் மொழி நேரடியா எதையும் பில்டு பண்ணாது. முதல்ல 'டெரிவேஷன்' என்ற ஒரு குறிப்பைத் தயாரிக்கும்: எந்த புரோகிராமை ஓட்டணும், என்னென்ன இன்புட், அவ்வளவுதான். அதைப் படிச்சு வேலை செய்றது பின்னாடி ஓடுற டீமன். கீக்ஸ் அந்த டீமனையே எடுத்துக்கிட்டது. டெரிவேஷன் ஸ்கீம்லேந்து வந்ததா நிக்ஸ்லேந்து வந்ததான்னு அதுக்குக் கவலை இல்லை.

ஒரு சிக்கல்: ஸ்கீம் சோம்பேறி இல்லை, உடனே கணக்குப் போட்டுடும். அதனால ஒரு பேக்கேஜ் எதையெல்லாம் சார்ந்திருக்குன்னு சொல்ற இடத்தில மட்டும், கேட்கும்போது கணக்கிடற மாதிரி செஞ்சாங்க.

இப்போ நம்ம கன்வர்ட் ஸ்கிரிப்ட். கீக்ஸில் அப்படி ஒரு இம்போர்ட்டர் நிஜமாவே இருந்தது. பெயர், பதிப்பு, சார்புகள் மாதிரி அடிப்படை விவரங்களை அது ஸ்கீமுக்குக் கொண்டு வந்தது. ஆனா நிக்ஸ் பேக்கேஜ்களோட பில்டு படிகள் பெரும்பாலும் மேற்கோள் குறிக்குள்ள இருக்கிற பாஷ் கோடு. நிக்ஸ் மொழிக்கு அது வெறும் எழுத்துச் சரம். மொழிக்கே தெரியாத அர்த்தத்தை இம்போர்ட்டர் எப்படி மாத்தும்? மேல்நிலை அமைப்பை மட்டுமே எடுக்கும்னு கீக்ஸ் கையேடே சொன்னது. மிச்சம் கைவேலை. கீக்ஸ் தன் பில்டு படிகளையும் ஸ்கீம்லயே எழுத வச்சதோட அருமை இங்கதான் புரியும்.

அடுத்த தடவை மைக்ரேஷனுக்கு எஸ்டிமேட் கொடுக்கும் முன்னாடி, உங்க யாமல் ஃபைலைத் திறந்து, சரங்களுக்குள்ள எத்தனை வரி ஷெல் கோடு ஒளிஞ்சிருக்குன்னு எண்ணிப் பாருங்க. உங்க வாரக் கடைசி போகப்போறது அங்கதான். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.