மக்களவை உறுப்பினர்களின் வருகைப் பதிவும் வாக்குப் பதிவும்

மலைக்கோட்டையால் அறியப்படும் தியாகதுருகம், கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் அடங்கியது. தொகுதி மறுவரையறைக்குப் பின் இங்கு 2009, 2014, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் பொதுத்தேர்தல்கள் நடந்தன. தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவைக்குச் சென்றாரா என்பதை இவ்வூர் வாக்காளர் இன்று அறிய முடியும். அங்கே எப்படி வாக்களித்தார் என்பதை அறிவது அவ்வளவு எளிதன்று.

அவை உறுப்பினரின் நடத்தையைக் கணக்கில் வைக்கும் வழக்கம் தமிழகத்தில் பழையது. திருநெல்வேலிப் பகுதியிலுள்ள மானூரில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கொண்டுவரப்படும் ஒவ்வொன்றையும் மறுத்துச் சபையை முடக்குவோருக்கு அது ஐந்து காசு தண்டம் விதிக்கிறது.

இந்திய அரசமைப்பின் 101(4) உறுப்பு வருகையைப் பற்றிப் பேசுகிறது. அனுமதியின்றி 60 நாள் எல்லாக் கூட்டங்களுக்கும் வராத உறுப்பினரின் இடத்தை அவை காலியானதாக அறிவிக்கலாம். தினப்படி பெற வருகையைப் பதிவு செய்ய வேண்டும். அமைச்சர்களுக்கு இது கிடையாது. பி.ஆர்.எஸ். போன்ற ஆய்வு நிறுவனங்கள் வெளியிடும் வருகை விழுக்காடு இப்பதிவுகளிலிருந்தே கிடைக்கிறது. காலையில் வருகையைப் பதிவு செய்தவர் மாலை வரை இருந்தாரா என்பது அதில் தெரியாது.

வாக்குகளின் நிலை வேறு. பெரும்பாலான சட்டமுன்வடிவுகள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுகின்றன. அதில் எவர் பெயரும் பதிவாவதில்லை. உறுப்பினர் கோரி டிவிஷன் நடந்தாலோ, அரசமைப்புத் திருத்தம் வந்தாலோதான் பெயர்வாரியான பதிவு உண்டு.

ஒருவர் வராததன் விலை என்ன என்பதற்கு 1970 செப்டம்பர் 5 நல்ல சான்று. மன்னர் மானியத்தை ஒழிக்கும் திருத்தம் மக்களவையில் தேறி மாநிலங்களவைக்கு வந்திருந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. வாக்களித்த 224 பேரில் மூன்றில் இரு பங்குக்கு 150 பேர் தேவைப்பட்டதால் முன்வடிவு தோற்றது. இன்னும் ஒரே ஒருவர் வந்து ஆதரித்திருந்தால் 225-க்கு 150 என்று சரியாகப் பொருந்தியிருக்கும். மறுநாளே குடியரசுத் தலைவர் ஆணை மூலம் மன்னர்களின் அங்கீகாரம் நீக்கப்பட்டது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையைச் செல்லாததாக்கியது. மானியம் ஒழிந்தது 1971-இல், 26-ஆம் திருத்தத்தால்.

1985-இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தபின், பதிவான வாக்கின் பொருளும் சுருங்கியது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் விலகினாலும் பதவி போகலாம். கட்சி 15 நாளுக்குள் பொறுத்துக்கொண்டால் விலக்கு உண்டு. எனவே டிவிஷன் பட்டியலில் கள்ளக்குறிச்சி உறுப்பினரின் பெயருக்கு நேரே தியாகதுருகத்தார் காண்பது பெரும்பாலும் அவருடைய கட்சியின் முடிவுதான்.