பிரௌனிங் வகுத்த இரு துப்பாக்கிகள்

விடுதலை முழக்கி 1776இல் விலங்கொடித்த அமெரிக்கா, 1898இல் பிலிப்பைன்சை வாங்கி அடிமைகொண்டது! எதிர்த்துப் பாய்ந்த மோரோ மக்களை .38 ரிவால்வர் குண்டு வீழ்த்தவில்லையாம். உடனே ஆராய்ச்சி! 1904இல் சிகாகோ இறைச்சிக்கூடத்து மாடுகளைச் சுட்டனர்; பிணங்களையும் சுட்டனர்; .45 அங்குலக் குண்டே வேண்டுமென்றனர். அவ்வளவுக்கேற்ப ஜான் பிரௌனிங் வகுத்த கோல்ட் கைத்துப்பாக்கியை 1911 மார்ச்சு 29இல் படை ஏற்றது. 1985 வரை அதுவே கோலோச்சிற்று.

ஏற்ற எண்பதாம் நாள், சூன் 17. மணியாச்சி இரயில் நிலையத்தில் நெல்லைக் கலெக்டர் ஆஷைச் சுட்டார் வாஞ்சிநாதன். கையிலிருந்தது, பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் துப்பாக்கி! ஆள வந்தவனுக்கும் அவனை எதிர்த்தவனுக்கும் கருவி தந்தது ஒரே மூளை. எதற்காகச் சுட்டார்? சனாதன தர்மத்தை ஆங்கிலேயர் மிதிக்கின்றனரே என்று குமுறிற்று, அவரிடமிருந்த கடிதம்.