"பரவாயில்லை" என்றால் "குட்" இல்லை

பத்து வயதில் நான்தான் அம்மாவின் மொழிபெயர்ப்பாளர். நாரி நோவுக்காக டொக்டரிடம் போவோம். "எப்படி இருக்கிறது?" என்று கேட்பார். அம்மா "பரவாயில்லை" என்பார். நான் "குட்" என்பேன். ஐந்து நிமிடத்தில் மருந்துத் துண்டோடு வெளியே வந்துவிடுவோம். உங்களில் பலரும் இதைச் செய்திருப்பீர்கள். அந்த "குட்" எவ்வளவு பிழை என்பது, ஊசி வைத்தியத்தின் வரலாற்றை வாசித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

ஜேர்மனியின் லெம்கோ நகரில் 1651இல் பிறந்தவர் எங்கெல்பேர்ட் கெம்பர். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக 1690 முதல் 1692 வரை நாகசாகியில் இருந்தார். ஜப்பானியர் வயிற்று வலிக்கு ஊசி குத்தும் முறையை, 1712இல் லெம்கோவில் வெளியிட்ட லத்தீன் புத்தகத்தில் விவரித்தார்.

அவர் அங்கே இருந்த காலத்தில் ஜப்பானில் புகழோடு இருந்த ஊசி வைத்தியர் சுகியாமா வாய்ச்சி. அவருக்குக் கண் பார்வை இல்லை. மெல்லிய குழாய்க்குள் ஊசியை வைத்துத் தட்டி இறக்கும் முறையைப் பரப்பினார். பார்வையற்றோருக்கு இந்த வைத்தியத்தைக் கற்பித்தார். இன்றும் ஜப்பானிய முறையில் வைத்தியர் வயிற்றையும் நாடியையும் தொட்டுப் பார்க்கிறார். அழுத்தும்போது எங்கே நோகிறது என்று நோயாளியின் உடல் சொல்வதே அவருக்கு வழிகாட்டி.

ஜேர்மனியில் இதைச் சோதித்தும் பார்த்தார்கள், சீன முறை ஊசிகளை வைத்து. 2007இல் வெளியான ஜெராக் ஆய்வில் நாட்பட்ட நாரி நோ உள்ள 1162 பேர் இருந்தார்கள். ஆறு மாதத்தின் பின், சரியான புள்ளிகளில் ஊசி குத்தியவர்களில் 47.6 வீதமானோருக்கு முன்னேற்றம். வேறு இடங்களில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2 வீதம். குளிசை, உடற்பயிற்சி போன்ற வழமையான சிகிச்சையில் 27.4 வீதம்தான்.

எஞ்சினியரிங் படித்த எனக்கு இந்த எண்கள் தொந்தரவு தந்தன. புள்ளி பெரிதாக முக்கியமில்லை என்றால், எது வேலை செய்தது? இன்னொரு ஜேர்மன் ஆய்வில் 864 பேரிடம் முன்கூட்டியே எதிர்பார்ப்பைக் கேட்டார்கள். சுகம் வரும் என்று நம்பியவர்களுக்கே கூடுதலாகக் குறைந்தது.

நம்பினால் எல்லா நோயும் மாறும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் நோவைப் பொறுத்தவரை நோயாளி வெறுமனே படுத்திருப்பவர் இல்லை.

இப்போது டொக்டரிடம் போகுமுன் அம்மாவோடு வீட்டில் இருந்து கதைக்கிறேன். எப்போது நோகிறது, எதைத் தூக்கினால் கூடுகிறது, எந்தக் குளிசை உதவவில்லை என்று எழுதிக்கொண்டு போகிறேன். நீங்களும் அடுத்தமுறை "பரவாயில்லை"யை உடனே மொழிபெயர்க்காதீர்கள். அம்மாவிடம் இன்னொருமுறை கேளுங்கள்.