இடித்தபின் வேண்டும் இசைவு

பழம்பெரும் மனையொன்றை அதன் உடையவர் தம் விருப்பப்படி இடிக்கலாமோ என்பது, நகரம் வளருந்தோறும் எழும் வினாவாகும். பொருள் கொடுத்து வாங்கினார்க்கே மனை முற்றும் உரியது என்பார் ஒரு சாரார். கல்லும் மரமும் அவர்க்குரியவேயாயினும், அவற்றிற் பொதிந்த வரலாறு ஊரார்க்கும் உரித்து என்பார் மற்றொரு சாரார். இவ்வழக்கு அமெரிக்க ஐக்கிய நாட்டில் நடந்த வகையை யாம் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

தென் கரோலினாவிலுள்ள சார்ல்ஸ்டன் நகரில், 1803இல் எழுந்த ஜோசப் மானிகோ மாளிகைக்கு இடிபடும் நிலை நேர்ந்தது. அதுகண்டு சூசன் பிரிங்கிள் பிராஸ்ட் என்னும் அம்மையார் 1920இல் பழைய மனைகளைக் காக்கும் சங்கமொன்றை நிறுவினார். மாளிகை பிழைத்தது. 1931இல் அந்நகரத்தார் ஒரு சட்டமியற்றி, பழம்பகுதியிலுள்ள கட்டடங்களின் புறத்தோற்றத்தை மாற்றுவோர் ஒரு குழுவின் இசைவைப் பெறல் வேண்டுமென விதித்தனர். அந்நாட்டில் இத்தகைய சட்டம் இதுவே முதலாவது. ஆயினும் அதில் ஒரு குறையிருந்தது. முகப்பை மாற்ற இசைவு வேண்டும். வீட்டையே வீழ்த்த இசைவு வேண்டா! இடிப்பைத் தாமதப்படுத்தும் அதிகாரம் 1959இலும், அறவே மறுக்கும் அதிகாரம் 1966இலுமே அக்குழுவிற்குக் கிடைத்தன.

நியூயார்க் நகரத்தார் 1963இல் பென்சில்வேனியா இரயில் நிலையம் இடிபடத் தொடங்கியதைக் கண்டு வருந்தி, 1965இல் தமக்கொரு சட்டம் செய்துகொண்டனர். அச்சட்டம் உடையவரின் உரிமையைப் பறிப்பதாகாது என அந்நாட்டு உச்சநீதி மன்றம் 1978இல் தீர்ப்பளித்தது.

நிற்க. சட்டமிருந்தும் ஒருவர் அதனைக் கடந்து இடித்துவிட்டால் செய்வதென்னை? சான் பிரான்சிஸ்கோ நகரில் இவ்வினா எழுந்தது. வியன்னாவிற் பிறந்து 1923இல் அமெரிக்கா சென்று பெரும்புகழ் எய்திய ரிச்சர்டு நியூட்ரா என்னும் கட்டடக் கலைஞர், அந்நகரின் இரட்டைக் குன்றுப் பகுதியில் 1935-36ஆம் ஆண்டுகளில் லார்ஜெண்ட் இல்லம் என்னும் சிறு வீட்டைச் சமைத்தார். அதனை 2017இல் வாங்கியவர், கீழ்த்தளத்தைப் பெரும்பாலும் காத்து வீட்டைத் திருத்தவே இசைவு பெற்றார். ஆனால் ஏறக்குறைய வீடு முழுவதும் இடிபட்டது. வண்டிக்கொட்டிலின் கதவும் சிறிது சட்டமுமே எஞ்சின. பின்னர் அவர், இடித்ததற்கு இசைவும், 1,300 சதுர அடி வீடு நின்றவிடத்தே ஏறக்குறைய 4,000 சதுர அடியில் மூன்றடுக்கு மனை கட்ட இசைவும் வேண்டினார்.

1968இல் நேர்ந்த தீயாலும் பிற்காலத் திருத்தங்களாலும் அவ்வீடு தன் பண்டையியல்பை முன்னமே இழந்தது என்பது உடையவர் தரப்பு வாதம். அதனைப் புறக்கணித்தற்கில்லை. ஆயினும் அவ்வாதம் கடப்பாரையை எடுக்குமுன் கூறியிருத்தற்குரியது. வீடு நின்றிருப்பின் எஞ்சியது எவ்வளவென நேரிற் கண்டு அளந்திருக்கலாம். சான்றினை அழித்தபின் சான்றில்லை என்பது முறையாகாது.

2018 திசம்பரில் நகரத் திட்டக் குழுவினர் ஐவரும் ஒருமனமாய் அவ்வேண்டுகோளை மறுத்தனர். பழைய வீட்டை முன்னிருந்தவாறே கட்டுக எனவும், நடந்ததனைக் கூறும் பலகையொன்றை நடைபாதையில் அமைக்க எனவும் ஆணையிட்டனர். தண்டப்பணம் மட்டும் விதிப்பின், செல்வர் அதனையும் கட்டடச் செலவிற் சேர்த்துக்கொள்வர். இடித்ததனால் ஊதியமொன்றும் இல்லை என்றாக்குவதே பிறரைத் தடுக்கும்.

எனினும் படி மூலமாகாது. புதிதாய்க் கட்டுவது அதே வடிவினதாயினும், நியூட்ராவின் கண்காணிப்பில் எழுந்த சுவர் மீளாது. ஆதலின் இடித்தபின் வரும் தீர்ப்பு எத்துணைக் கடியதாயினும் அது பின்வருவார்க்கு எச்சரிக்கையேயன்றிப் போன மனைக்கு உயிராகாது. அன்பர்காள்! ஆராய்ச்சி முன்னும் கடப்பாரை பின்னுமாதல் வேண்டும். அம்முறை பிறழுமிடத்துச் சட்டத்தால் இயல்வது மிகச் சிறிதே.