ஒரே காரில் 4 நாடுகள்: ஐரோப்பாவைச் சுற்றக் கிளம்பும் முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஐரோப்பாவில் கார் ஓட்டும்போது நாடு மாறியது சில நேரம் தெரியவே தெரியாது. சாலையோரம் ஒரு நீல நிறப் பலகை. அதில் 12 நட்சத்திரங்கள், நடுவில் நாட்டின் பெயர். அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பலகையைத் தாண்டியதுமே சாலைக் கட்டணம், மது வரம்பு, அபராதம் என்று பலவும் மாறிவிடும். அதை எடுத்துச் சொல்ல அங்கே யாரும் நிற்பதில்லை. கேமரா மட்டும் இருக்கும். தெரியாமல் செய்த தவற்றுக்கான கடிதம், விடுமுறை முடிந்து பல மாதம் கழித்துக்கூட வீடு தேடி வரலாம்.

சிங்கப்பூரர்கள் பலருக்கும் பிடித்த ஒரு வட்டப் பாதையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மியூனிக், சால்ஸ்பர்க், லூப்லியானா, வெனிஸ், இன்ஸ்புருக், மீண்டும் மியூனிக். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லொவேனியா, இத்தாலி என 4 நாடுகள். மொத்தம் சுமார் 1,200 கிலோமீட்டர்.

ஏன் வட்டப் பாதை?

ஒரு நாட்டில் காரை எடுத்து வேறொரு நாட்டில் விட்டால், வாடகை நிறுவனங்கள் தனிக் கட்டணம் கேட்கும். சில நேரம் அது வாடகையையே மிஞ்சிவிடும். எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்தால் அந்தச் செலவு இல்லை.

முன்பதிவு செய்யும்போதே எந்தெந்த நாடுகளுக்குப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்க. சில நிறுவனங்கள் சில வகைக் கார்களைக் குறிப்பிட்ட நாடுகளுக்குக் கொண்டுபோக அனுமதிப்பதில்லை. அனுமதி இல்லாத நாட்டில் விபத்து நடந்தால் காப்புறுதி செல்லாமல் போகலாம். முழுச் செலவும் உங்க தலையில்தான்.

வயது 25-க்குக் கீழா? இளம் ஓட்டுநர்களுக்குக் கூடுதல் கட்டணம் இருக்கும். வகுப்பு 3ஏ உரிமம் வைத்திருப்பவர்கள் தானியக்க கியர் கார்தான் ஓட்ட முடியும். ஐரோப்பாவில் கைமுறை கியர் கார்கள் இன்னும் அதிகம் என்பதால், முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது.

என்னென்ன ஆவணங்கள் வேணும்?

சிங்கப்பூர் உரிமத்தோடு, அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் தேவை. அதை சிங்கப்பூர் வாகனச் சங்கம் வழங்குகிறது. அந்த அனுமதி தனியாகச் செல்லாது. அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும்.

சிங்கப்பூர்க் கடப்பிதழ் இருந்தால் ஷெங்கன் வட்டாரத்தில் விசா இன்றி 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். அந்த வட்டாரத்தில் இப்போது 29 நாடுகள் உள்ளன. நாட்டுக்கு 90 நாள் என்று நினைக்காதீங்க. எல்லா நாடுகளுக்கும் சேர்த்துத்தான் 90.

2025 அக்டோபர் 12-இலிருந்து புதிய நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை படிப்படியாக நடப்புக்கு வந்தது. அதில் முகப்படமும் கைரேகையும் பதிவாகும். அடுத்து எட்டியாஸ் எனும் இணைய முன்அனுமதி முறை. பயணத் தேதி நெருங்கும்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரத்துவ இணையத்தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்க.

கடப்பிதழைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டாம். ஜெர்மனி 2024 செப்டம்பரில் தனது எல்லா நில எல்லைகளிலும் தற்காலிகச் சோதனையைத் தொடங்கி, பின்னர் அதை நீட்டித்தது. எந்த எல்லையிலும் காரை நிறுத்திக் கேட்கலாம்.

சாலைக் கட்டணம் எப்படி வேறுபடுகிறது?

சிங்கப்பூர்ப் பயணிகள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

ஜெர்மனி: விரைவுச்சாலையில் கார்களுக்குக் கட்டணம் இல்லை.

ஆஸ்திரியா: 'வின்யெட்' எனும் கட்டணச் சீட்டு வேணும். 1 நாள், 10 நாள், 2 மாதம், ஓராண்டு என 4 வகை. நாள்களை நன்றாக எண்ணிப் பாருங்க. நமது பாதையில் ஆஸ்திரியாவுக்குள் இரண்டு முறை நுழைகிறோம். இரண்டு வாரப் பயணத்தில் சால்ஸ்பர்கில் வாங்கிய 10 நாள் சீட்டு, இன்ஸ்புருக் வருவதற்குள் காலாவதியாகியிருக்கலாம். டவர்ன், கரவாங்கன் சுரங்கங்களுக்கும் பிரென்னர் விரைவுச்சாலைக்கும் தனிக் கட்டணம் உண்டு.

ஸ்லொவேனியா: மின்னிலக்கச் சீட்டு. கார்களுக்கு ஆகக் குறைந்தது 7 நாள். இல்லாமல் ஓட்டினால் அபராதம் 300 யூரோவில் தொடங்கும்.

இத்தாலி: பெரும்பாலான விரைவுச்சாலைகளில் ஓட்டிய தூரத்துக்குச் சுங்கச் சாவடியில் கட்டணம். 'டெலிபாஸ்' என்று மட்டும் எழுதிய மஞ்சள் தடத்துக்குள் போகாதீங்க. அது கருவி பொருத்திய கார்களுக்கு மட்டும்.

மின்னிலக்கச் சீட்டு காரின் பதிவெண்ணோடு இணைக்கப்படும். வாடகை காரின் எண் கைக்கு வந்த பிறகே அதை வாங்க முடியும். அதிகாரத்துவத் தளத்திலேயே வாங்குங்க. அதே போலத் தோன்றும் இடைத்தரகர் தளங்கள் கூடுதல் பணம் வாங்குகின்றன.

நகரத்துக்குள் கார் ஓட்டலாமா?

இத்தாலியில் கவனம். ஃபுளோரன்ஸ், பொலோன்யா, வெரோனா போன்ற நகரங்களின் பழைய மையப்பகுதிகளில் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள் உள்ளன. வெள்ளை வட்டம், அதைச் சுற்றிச் சிவப்பு வளையம்: அதுதான் பலகை. 'வார்கோ ஆத்திவோ' என்று விளக்கு எரிந்தால் கட்டுப்பாடு நடப்பில் இருக்கிறது என்று பொருள்.

அனுமதியின்றி ஒவ்வொரு முறை நுழையும்போதும் ஓர் அபராதம். திரும்பத் திரும்பச் சுற்றினால் கணக்கும் கூடும். அது போதாதென்று, உங்க விவரங்களைக் காவல்துறைக்குக் கொடுப்பதற்காக வாடகை நிறுவனமும் ஒரு கட்டணம் பிடிக்கும். ஹோட்டல் அந்த வட்டாரத்துக்குள் இருந்தால், காரின் எண்ணைப் பதிவு செய்ய முடியுமா என்று முன்பே கேளுங்க.

வெனிஸில் கார் ஓட்டவே சாலை இல்லை. மெஸ்த்ரேயில் நிறுத்திவிட்டு ரயிலில் போகலாம்.

சாலையில் எதையெல்லாம் மறக்கக்கூடாது?

இங்கே இடப்பக்கம், அங்கே வலப்பக்கம். அதைவிடப் புதிதாகத் தோன்றும் விதி ஒன்று உண்டு. பலகையோ விளக்கோ இல்லாத சந்திப்பில், வலப்பக்கத்திலிருந்து வரும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும்.

சிங்கப்பூரில் மது வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம். இந்த 4 நாடுகளிலும் பொதுவான வரம்பு 50 மில்லிகிராம்தான். இத்தாலியில் உரிமம் பெற்று 3 ஆண்டு ஆகாதவர்களுக்கு அதுவும் இல்லை, சுழியம். பக்கத்து நாடான ஹங்கேரியில் எல்லாருக்குமே சுழியம்.

எண்ணெய் நிரப்பும்போதும் பெயரைப் பாருங்க. இத்தாலியில் 'கசோலியோ' என்றால் டீசல். 'பென்சினா'தான் பெட்ரோல். தவறான எரிபொருளால் வரும் பழுதைக் காப்புறுதி பெரும்பாலும் ஏற்பதில்லை.

ஜூனா, டிசம்பரா?

ஜூன் விடுமுறையில் மலைப் பாதைகள் பெரும்பாலும் திறந்திருக்கும். டிசம்பரில் கதை வேறு. புகழ்பெற்ற கிராஸ்குளோக்னர் மலைச்சாலை குளிர்காலத்தில் மூடப்படும். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் பனி இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம். அது வாடகையில் சேர்ந்திருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்க.

ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் சால்ஸ்பர்கிலிருந்து தெற்கே போகும் சாலையில் நெரிசல் கடுமையாக இருக்கும். முடிந்தால் வார நாளில் கடந்துவிடுங்க.

கிளம்பும் முன்

* இறங்கிய அன்றே நீண்ட தூரம் ஓட்ட வேண்டாம். 12 மணி நேரத்துக்கும் மேல் பறந்த உடலுக்கு ஓர் இரவு தூக்கம் தேவை.
* ஒரு நாளுக்கு 3, 4 மணி நேர ஓட்டம் போதும். வரைபடச் செயலி காட்டும் நேரத்தோடு ஓய்வு நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்க.
* காரை எடுக்கும்போது எல்லாப் பக்கமும் காணொளி எடுத்துவைங்க. எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் மேலங்கியும் காரில் இருக்கிறதா என்று பாருங்க.
* ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சாப்பாட்டுப் பொருள்களைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்க.
* அவசர உதவிக்கு எண் 112. இந்த 4 நாடுகளுக்கும் அதே எண்தான்.